போர்டு காலடியில் இருநூற்றுப் பதினாலு விறகு

பொன்னையாவை நான் முதன்முதலில் பார்த்தது விறகு எண்ணப் போன இடத்தில். இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம், ஆவணி மாதம். பெரகலயிலிருந்து ஹல்துமுல்லைக்கு இறங்கும் பெரிய ரோட்டில், நீலக்கல் தோட்டத்து மேல்பிரிவுக்குப் பாதை பிரிகிற முனையில், மூன்று மொழியில் எழுதிய இரும்புப் போர்டு ஒன்று நின்றது. அதன் காலடியில் நெஞ்சு உயரத்துக்கு விறகு குவிந்து கிடந்தது. அதை எண்ணிப் படமெடுத்து வரச் சொல்லி எங்கள் ஊழல் எதிர்ப்பு இயக்கத்தில் என்னை அனுப்பியிருந்தார்கள். எங்கள் குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவன் என்ற மிதப்போடு, கொப்பியும் பேனையுமாகப் போய் நின்றேன். நூற்றி முப்பது வரை எண்ணி, கணக்குத் தப்பி, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினேன். பக்கத்து மதகுக் கட்டில் உட்கார்ந்திருந்த மெலிந்த மனிதர் ஒருவர் வாய் திறந்தார்.

"இருநூத்திப் பதினாலுங்க. சும்மா எண்ணிக்கிட்டுக் கெடக்காதீங்க."

"நீங்க எண்ணிட்டீங்களாண்ணே?"

"எண்ணுறதுக்கு என்னாங்க இருக்கு? வீடு இருநூத்திப் பதினஞ்சு. வீட்டுக்கு ஒன்னு. எழவு வீட்டுல இருந்து வெறகு வராது. அத கழிச்சிக்குங்க."

அப்புறம் எழுந்தார். துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு மேலே நடந்தார். போயிட்டு வாறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. கோபமாக்கும் என்று நினைத்தேன். அவர் யாரிடமும் அப்படிச் சொல்வதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதன் பின் பல தடவை போனேன். அவர் வாயால் கேட்டதும், லயத்துச் சனங்கள் சொன்னதும்தான் இது.

நீலக்கல் மேல்பிரிவில் தொழிலாளர் வரிசை வீடுகளாக ஒன்பது லயம். அங்கே சாவுச் சேதி சொல்கிறவர் பொன்னையா. சம்பளம் கிடையாது, பட்டம் கிடையாது. அவருடைய இருபத்திரண்டாவது வயதில், வழக்கமாகச் சேதி சொல்கிற ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார். "நீ ஒரு எட்டு போயிட்டு வாடா" என்று யாரோ இவரை அனுப்பினார்கள். அந்த ஒரு எட்டு முப்பத்தெட்டு வருஷமாகியும் முடியவில்லை. மற்ற நாட்களில் எல்லோரையும் போல, காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, தேயிலை வெட்டுகிற கத்தியோடு மலைக்கு ஏறுகிறவர்தான்.

சேதி சொல்வதற்கு முறை உண்டு. கல்யாணம், திருவிழா என்றால் மாரியம்மன் கோயில் வாசலில் தொடங்கிக் கீழே இறங்கிச் சொல்ல வேண்டும். துண்டு தோளில் கிடக்கும். சாவு என்றால் கோயில் பக்கமே தலைவைக்கக் கூடாது. ஆகக் கீழே இருக்கிற ஓடைக்கரை லயத்தில் தொடங்கி மேலே ஏற வேண்டும். துண்டு இடுப்பில் இருக்கும். செத்தவர் பெயரை எந்த வாசலிலும் உச்சரிக்கக் கூடாது. உச்சரித்தால் அந்த வாசலிலும் ஒட்டிக்கொள்ளுமாம். எத்தனை மணிக்கு, எங்கே என்பது மட்டும்தான். பெயர் பிறகு ஆள் மாறி ஆள் கசிந்து வரும். சொல்லி முடித்ததும் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். 'வாறேன்' என்று அவர் சொல்லமாட்டார். 'வாங்க' என்று அவர்களும் சொல்லமாட்டார்கள்.

சாவு என்னவோ மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான். ஆனால் மற்ற நாட்களிலும் அந்த 'வாங்க' அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரு தடவை சீனி கைமாற்றுக் கேட்டுப் பக்கத்து லயத்துக்குப் போனார். கதவைத் திறந்தவள் அவரைக் கண்டதும் நெஞ்சில் கைவைத்துச் சுவரோடு சரிந்துவிட்டாள். "சீனிங்க, சீனிக்குத்தான் வந்தேன்" என்று சொல்லி அவளைத் தெளியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அதோடு வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டார். திருவிழா அன்றைக்கும் கூட்டத்துக்குப் பின்னால், கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்.

அவரைப் பார்த்து 'வாங்க' என்று சொன்ன ஒரே ஆள் பெரியாயி, அவர் மனைவி. மாலையில் காலடிச் சத்தம் கேட்டாலே, அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள்ளிருந்து, "வாங்க, தேத்தண்ணி ஊத்தட்டா?" என்று குரல் வரும். முப்பத்து நாலு வருஷம் வந்தது.

விறகு விழுந்ததற்கு முந்தின வருஷம், அதாவது இருபத்தொன்றாம் வருஷ ஐப்பசியில், ஒரு மத்தியானம் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த பெரியாயி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். மழை ஊற்றிக்கொண்டிருந்தது. வண்டி மேலே வராது. மலையிலிருந்து நாலு ஆம்பிளைகள் இறங்கி வந்து, கம்பளியைக் கம்பில் கட்டி அவளைத் தூக்கினார்கள். கோயிலடியிலிருந்து பெரிய ரோட்டு முனைக்கு ஒரு கிலோமீற்றருக்கு மேல் மண்பாதை. சும்மா நாளிலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குகிற பாதை. கொய்யா மரத்து வளைவில் முன்னால் தூக்கியவரின் கால் வழுக்கி, கம்பளியோடு பெரியாயி சேற்றில் விழுந்தாள். "ஒன்னும் இல்ல, தூக்குங்க" என்று அவள்தான் சொன்னாள். முனைக்குப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். அங்கே ஓட்டோ கிடைத்து, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது கண் நிலைத்துவிட்டது.

அந்தக் காலம் கொரோனாக் காலம். மறுநாள் காலை உடல் முனைக்கு வந்தது. தோட்டத் தலைவர் இராசையா முன்னால் வந்து நின்றார். தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், ரோட்டுக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர்.

"யாருக்கும் சொல்லாத பொன்னையா. சனம் கூடுச்சுன்னா சுகாதாரக்காரன் வந்து லயத்தையே மூடிருவான். நாலு பேர வச்சு முடிச்சிரு."

இராசையா தடுக்காவிட்டாலும் ஒன்றுதான். சேதி சொல்கிறவன் பொண்டாட்டி செத்தால் சேதி சொல்வது யார்? அதற்கு முறை எதுவும் இல்லை. மேல்பிரிவில் அப்படி ஒரு நிலை வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் தூரத்தில் கம்பளி போவதைப் பார்த்துவிட்டு, யாருக்கோ சுகமில்லை போல என்று குனிந்துகொண்டார்கள். குழியடியில் நின்றது ஒன்பது பேர். எல்லார் வீட்டு எழவுக்கும் ஊரைக் கூட்டியவரின் வீட்டு எழவுக்கு ஒன்பது பேர்.

இதையெல்லாம் பொன்னையா தாங்கிக்கொண்டிருப்பார். அவரால் தாங்க முடியாமல் போனது ஒரு வரி.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் அந்த வரி இருந்தது. எழுதியவர் என்ன செய்வார்? ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார்; பாதை இல்லை என்று பொன்னையா சொன்னார். அவர் தன்னிடமிருந்த ஏதோ பட்டியலைப் புரட்டிப் பார்த்து, "உங்க பிரிவுக்குக் கொங்கிரீட் ரோட்டு போட்டு ரெண்டு வருஷமாச்சே" என்றார். பிறகு எழுதினார்: உறவினர்கள் தாமதமாகக் கொண்டுவந்தனர்.

மகன் நிஷாந்த் கட்டாரில் இருந்தான். தனிமைப்படுத்தல் நாட்கள், வர முடியவில்லை. தாளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னான். அனுப்பிய அன்றைக்கே அழைத்தான்.

"ஏன்ப்பா லேட்டாக்குனீங்க?"

"ரோட்டு இல்லடா தம்பி."

"ரோட்டு தொறந்த போட்டோ பேஸ்புக்குல நானே பாத்தேன்ப்பா. மாலை போட்டு, ரிப்பன் வெட்டி... எனக்குத் தெரியாதா? மழை விடட்டும்னு ஒக்காந்திருந்தீங்களா?"

"டேய், சத்தியமா... தூக்கிட்டு எறங்குறப்ப வழுக்கி..."

தொலைபேசி வைக்கப்பட்டுவிட்டது. அவன் கூட்டாளிகளில் ஒருவர்கூட இப்போது தோட்டத்தில் இல்லை. ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள அவனுக்கும் மனசில்லை போல. ஒரு வருஷத்துக்கு மேல் அவன் அழைக்கவில்லை. இவர் அழைத்தால் எடுக்கவில்லை.

ரோட்டு போட்டது பொய் இல்லை. முனையிலிருந்து எண்பத்துச் சொச்ச மீற்றர் போட்டார்கள். நல்ல கனமான கொங்கிரீட். அது போய் முடிகிற இடத்தில் தலைவர் இராசையாவின் புது ஓட்டு வீட்டுக் கேட் இருந்தது. போட்டோ அங்கே எடுத்ததுதான்.

காம்பராவில் 'வாங்க' சொல்ல ஆள் இல்லை. வேலை முடிந்ததும் பொன்னையா கீழே இறங்கி, போர்டுக்கு எதிரே மதகுக் கட்டில் உட்கார்ந்துகொள்வார். எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனாலும் அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கும். ரோட்டு போட்டாயிற்று என்று அந்தப் போர்டு நிற்கிற வரைக்கும் பெரியாயியைத் தாமதமாகக் கொண்டுபோனவன் அவர்தான். அது பொய் என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. சங்கத்தில் கேட்டார். "போடா, வேலையப் பாரு" என்றார்கள். வேறு யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

கொழும்பில் சனங்கள் கடற்கரையில் கூடாரம் அடித்து உட்கார்ந்திருந்த வருஷம் அது. மண்ணெண்ணெய்க்கும் மாவுக்கும் வரிசை. பதுளையில் சில ஆசிரியர்கள் சேர்ந்து ஊழலுக்கு எதிராக ஓர் இயக்கம் தொடங்கினார்கள். நானும் கூட்டாளிகளும் சேர்ந்தோம். துண்டுப்பிரசுரம் அடித்தோம். 'பொதுநிதி முறைகேடு', 'வெளிப்படைத்தன்மை', 'பொறுப்புக்கூறல்' என்று படித்த தமிழில் வெளுத்து வாங்கினோம். ஹல்துமுல்லையில் போட்ட முதல் கூட்டத்துக்கு வந்தது பதினொரு பேர். அதில் நாலு பேர் பஸ்ஸுக்கு நின்றவர்கள். ஊழல் என்றால் அது கொழும்பில் பெரிய மனிதர்கள் கோடிக்கணக்கில் அடிப்பது, நமக்கும் அதற்கும் என்ன என்றுதான் தோட்டத்துச் சனங்கள் நினைத்தார்கள். விளங்கினவர்களுக்கோ பயம். கூட்டத்துக்குப் போனான் என்று தலைவர் காதில் விழுந்தால், நாளைக்குப் பெரட்டில் பேர் விழாது. அடுத்த மாதம் பிள்ளைக்கு ஒரு கடிதம் வேண்டுமென்றால் கையெழுத்து விழாது.

இந்த நிலையில்தான் ஹாலிஎலயிலிருந்து யசோதினி டீச்சர் நீலக்கல்லுக்கு வந்தார். இயக்கத்தில் எல்லோரையும்விடச் சுறுசுறுப்பானவர். டவுனில் வளர்ந்தவர், லயத்து வழக்கம் தெரியாது. முனையில் கடை வைத்திருந்தவரிடம், "மேல எல்லா வீட்டுக்கும் ஒரு தகவல் சொல்லணும், ஆள் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். "சேதி சொல்றதுக்கு இங்க ஒரே ஆளுதான்" என்று அவர் மதகுக் கட்டைக் காட்டினார்.

"அண்ணே, நாளைக்கு நாலு மணிக்கு இங்க கூட்டம். இந்தப் போர்டப் பத்தித்தான். எல்லாருக்கும் சொல்லிருவீங்களா?"

போர்டைப் பற்றி என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். பொன்னையா எழுந்து நின்றார்.

"சொல்லிர்றேங்க."

மறுநாள் காலை புறப்பட்டார். மனம் கூட்டத்தில் இருந்தது. கால் பழகின வழியில் போனது. முப்பத்தெட்டு வருஷம் நடந்த கால், நேரே ஓடைக்கரை லயத்துக்குப் போய் நின்றது. துண்டு, என்றைக்கும் போல இடுப்பில்.

"நாலு மணிக்கு ரோட்டு மொனைக்கு வந்துருங்க. வீட்டுக்கு ஒரு ஆளாச்சும் வந்துருங்க."

சொன்னார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஆஸ்பத்திரியில் தவறுகிற யாருடைய உடலும் வந்து இறங்குவது அந்த முனையில்தான். அதற்கு மேல் வண்டி போகாதே. ஓடைக்கரை லயத்தில் சாவு என்றெண்ணி அடுப்பில் தண்ணி ஊற்றி அணைத்தார்கள். இரண்டாவது லயத்துக்கு அவர் போவதற்கு முன்னாலேயே செய்தி போய்விட்டது. மூன்றாவது லயத்தில் மலைக்கு ஆள் அனுப்பினார்கள். ஐந்தாவது லயத்தில் ஒருத்தி, ஆஸ்பத்திரியில் கிடக்கிற தன் தம்பியாக இருக்குமோ என்று வாய்விட்டு அழுதாள்.

"அஞ்சாவது லயத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க" என்று பொன்னையா பிறகு என்னிடம் சொன்னார். "நின்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. அந்தப் புள்ளகிட்ட மட்டும், 'ஒன் தம்பி இல்லம்மா'ன்னு சொன்னேன். மத்தவங்ககிட்ட சொல்லல."

நாலு மணிக்கு யசோதினி டீச்சர் முனையில் பதினொரு கதிரை போட்டு, கையில் ஒலிபெருக்கியோடு நின்றார். பதினொன்றே அதிகம் என்று நினைத்திருந்தார். பாதையில் சனம் இறங்கி வரத் தொடங்கியது. வந்துகொண்டே இருந்தது. கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு நேராக மலையிலிருந்து வந்த பெண்கள், பொடிநடையாக வந்த கிழவர்கள், கம்பும் கம்பளியும் தூக்கி வந்த ஆம்பிளைகள். ஒவ்வொரு வீட்டு ஆள் கையிலும் ஒரு விறகுக் கட்டை. சாவு வீட்டுக்கு வீட்டுக்கொரு விறகு கொண்டுபோவது மேல்பிரிவு வழக்கம். குளிரில் விழித்திருக்கிறவர்களுக்கு நெருப்பும் தேத்தண்ணியும் வேண்டுமே. யார் வீடு என்று தெரியாததால் கையோடு கொண்டு வந்திருந்தார்கள்.

டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வாங்க, வாங்க! வெறகு எதுக்கு? சமைக்கப் போறமா?"

முன்னால் நின்ற தெய்வானை முறைத்தாள். கொழுந்து மலையில் அவள் வாய்க்கு எல்லோரும் பயம். "எழவுக்கு வந்தவங்கள வாங்கன்னு சொல்றீங்களே, நல்லா இருக்கா டீச்சர்? பொணம் எந்த வண்டில வருது?"

"என்ன பொணம்?"

எல்லாத் தலையும் மதகுக் கட்டுப் பக்கம் திரும்பியது.

சத்தம் கேட்டுத் தலைவர் இராசையாவும் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கைதட்டிச் சிரித்தார். "ஆளு சாகாத எழவுக்குச் சேதி சொன்ன மொத ஆளு நீதாண்டா பொன்னையா! பொஞ்சாதி போனதுலருந்தே இவனுக்கு ஒரு மாதிரி. போங்க, எல்லாரும் போங்க."

"அரைநாள் கொழுந்து போச்சேய்யா!"

"ஒல வச்ச அடுப்புல தண்ணிய ஊத்திட்டு வந்தேன் பாவி!"

"இனி நெசமாவே செத்தாலும் இவன் பேச்ச யாரு நம்புவா?"

பொன்னையா இடுப்புத் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சேதியைத் தவிர அவர் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

"பொணம் இருக்குங்க" என்றார்.

"எங்க இருக்கு?"

"போன ஐப்பசியே வந்துருச்சுங்க. இந்த எடத்துக்குத்தான். நீங்கதான் வரல." கையெடுத்துக் கும்பிட்டார். "கொறை சொல்லலீங்க. ஒங்களுக்குச் சேதி வரல. சொல்றவன் நான்தானே. அப்ப சொல்ல முடியல. அதான் இப்ப வந்து சொன்னேன்."

தெய்வானை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டீச்சர்," என்றார் பொன்னையா, "அந்தப் போர்டுல என்னா போட்டிருக்குன்னு ஒருக்கா படிங்க."

டீச்சர் துருவைச் சுரண்டிவிட்டு, அடியில் பொடி எழுத்தில் இருந்த தமிழைப் படித்தார். நீலக்கல் மேல்பிரிவுப் பாதை. கொங்கிரீட் இடல். நீளம் ஒன்று தசம் இரண்டு கிலோமீற்றர். வேலை முடிவுற்ற வருடம் இரண்டாயிரத்துப் பத்தொன்பது.

"அம்புட்டு நீளம்னா எது வரைக்கும்?" என்று ஒருவர் கேட்டார்.

"உங்க கோயில் வாசல் வரைக்கும்."

தினமும் அந்தப் போர்டைத் தாண்டிப் போனவர்கள்தான் அத்தனை பேரும். எலக்சனுக்கு வைத்தது என்று நினைத்திருந்தார்கள். இப்போது சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கொங்கிரீட் தொடங்கிய இடம் தெரிந்தது. முடிந்த இடமும் தெரிந்தது. தலைவர் வீட்டுக் கேட்டுக்கு நல்ல நீலப் பெயின்ட்.

"அப்ப எங்க மருமக?" என்றாள் தெய்வானை. யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. "நெறமாசக்காரி. அந்த வளைவுலதானே வலி கண்டுச்சு. புள்ள தங்கலயே. நான் கும்புட்ட சாமியத்தானே வைஞ்சிக்கிட்டு இருந்தேன், இம்புட்டு நாளும்."

பின்னாலிருந்து ஒருவர் தன் அண்ணன் பெயரைச் சொன்னார். இன்னொருத்தி தன் தாயின் பெயரைச் சொன்னாள். வாசலில் உச்சரிக்கக் கூடாத பெயர்கள். முனை யாருடைய வாசலும் இல்லை. ஒவ்வொருவரும் தன் வீட்டுத் துக்கத்தைத் தன் தலையெழுத்து என்று உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள். பக்கத்துக் காம்பராவிலும் அதேதான் பூட்டிக் கிடக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டீச்சர் ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பெயர்களை எழுதத் தொடங்கினார். பதினேழு பெயர் வந்தது. ஊழல் என்ற சொல்லை அன்று அங்கே யாரும் சொல்லவில்லை.

"அரசியல் பேசாதீங்க!" என்று இராசையா கத்தினார். "நாளைக்குப் பெரட்டுல பேர் விழாது, ஆமா."

தெய்வானை விறகுக் கட்டையோடு அவர் முன்னால் போய் நின்றாள். "எழவுக்கு வந்தவளையா தலைவரே கேள்வி கேக்குறீங்க? நாளைக்கு ஒங்க வீட்டுலயும் விழும். அப்ப இந்தக் காலுதான் வரணும்."

எழவுக்குப் போனவனை ஏன் போனாய் என்று கேட்ட தலைவரும் கிடையாது, துரையும் கிடையாது. கூட்டத்துக்கு வரப் பயந்த அதே சனம், சாவுக்கு வந்ததால் பயமில்லாமல் நின்றது.

கலையும்போது ஒரு சிக்கல் வந்தது. எழவுக்கென்று எடுத்த விறகைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. தெய்வானைதான் முதலில் தன் கட்டையைப் போர்டு காலடியில் போட்டாள். எல்லோரும் போட்டார்கள். இருநூற்றுப் பதின்மூன்று. மறுநாள் விடிந்ததும் ஒருத்தி வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இன்னொன்றைப் போட்டுவிட்டுப் போனாள். மதகுக் கட்டிலிருந்து பொன்னையா பார்த்தார். தலைவர் இராசையாவின் மனைவி.

அந்த விறகுக் குவியலின் படம் போன இடங்களை நாங்களே எதிர்பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் ஹல்துமுல்லைப் பக்கம் இன்னொரு தோட்டத்தில், கட்டாத பாலத்தின் போர்டடியில் விறகு விழுந்தது. அப்புறம் ஹாலிஎலயில், தண்ணி வராத தாங்கியடியில். பிறகு சிங்களக் கிராமங்களிலும். விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு போர்டு இருந்தது. நாங்கள் அடித்த துண்டுப்பிரசுரம் கட்டுக் கட்டாக அலுவலகத்தில் கிடக்க, புரட்டாசியில் பதுளையில் நடந்த கூட்டத்துக்கு டவுன் கொள்ளாத சனம் வந்தது.

அந்தக் கூட்டத்துக்குப் பொன்னையாவையும் அழைத்துப் போனோம். மேடையில் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். நான் தேடிப் பார்த்தபோது, கூட்டத்துக்குப் பின்னால், ஒலிபெருக்கி கட்டிய கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மேடைக்குக் கூப்பிட்டேன்.

"வேணாங்க. நான் போயி நின்னா யாரு செத்ததுன்னு கேப்பாங்க" என்று சிரித்தார். பிறகு, "ரோட்ட அளக்க எப்ப வருவாங்க?" என்று கேட்டார். அன்றைக்கு அவ்வளவு சனத்திலும் அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஐப்பசியில் அளக்க வந்தார்கள். விசாரணைக்கு அனுப்பப்பட்டவர் தயாபரன் என்ற பொறியியல் அதிகாரி, யாழ்ப்பாணத்துக்காரர். பெரியாயி செத்து ஒரு வருஷம் ஆகி நாலு நாள். கூடி நின்ற சனத்தை விலக்கிவிட்டு, அதிகாரி அளவு நாடாவின் ஒரு முனையைப் பொன்னையாவிடம் நீட்டினார்.

"ஐயா, இதை இறுக்கிப் பிடியுங்கோ."

பொன்னையா போர்டடியில் குந்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தயாபரன் நீலக் கேட்டு வரை நடந்து போய் நின்றார்.

"எண்பத்தி மூண்டு மீற்றர். அங்காலை ஒண்டும் இல்லை."

"அய்யா, ஒரு வரி எழுதித் தருவீங்களா?"

"என்ன வரி?"

"அன்னைக்கு ரோட்டு இல்லன்னு. தேதி போட்டு."

பொன்னையா நீட்டிய ஆஸ்பத்திரித் தாளைத் தயாபரன் வாங்கிப் படித்தார். "ஆஸ்பத்திரித் தாளை என்னாலை மாத்தேலாது ஐயா. இது வேறை தாள். ஆனா உண்மையைத்தானே கேக்கிறியள், எழுதலாம்."

மூன்று வாரத்தில் முத்திரையோடு கடிதம் வந்தது. மேற்படி திகதியில் மேல்பிரிவுக்கு வாகனம் செல்லக்கூடிய பாதை எதுவும் இருக்கவில்லை என்று ஒரு வரி. என்னை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு அதை எடுத்துக்கொண்டு பெரகலச் சந்திக்கு நடந்தார். அங்கே ஸனூஸின் போட்டோக் கொப்பிக் கடை. ஸனூஸ் கடிதத்தைப் படமெடுத்து, பொன்னையாவின் போனிலிருந்து கட்டாருக்கு அனுப்பினார். பொன்னையா கடை வாங்கிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் போனது.

"பொன்னையாண்ணன்," என்றார் ஸனூஸ், "நீலக் கோடு வந்தீக்கி. மகன் பாத்துட்டாரு."

"பாத்துட்டு?"

"பாத்துட்டாரு. அவ்வளவுதான்."

அழைப்பு வந்தது ஐந்தாம் நாள், பின்னேரம், மதகுக் கட்டில் இருந்தபோது.

"அப்பா."

"சொல்லு தம்பி."

"எந்த எடத்துலப்பா வழுக்குனுச்சு?" என்றான்.

"கொய்யா மரத்து வளைவுல."

"அங்கதானே நா விழுந்து பல்ல ஒடச்சேன்" என்றான். அதற்கப்புறம் அழுகைதான் கேட்டது. பொன்னையா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுகிற வீட்டில் நிற்காமல் நடந்துதான் பழக்கம். "வைக்கிறேன்ப்பா" என்று அவனே வைத்தான். நாலு நிமிஷப் பேச்சு. ஒரு சொல்கூட விடாமல் எனக்குச் சொன்னார்.

போர்டை விசாரணைக்காரர்கள் சான்றாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் இரண்டு இரும்புக் கால்கள் மட்டும் நிற்கின்றன. இராசையா இப்போது தலைவர் இல்லை, வழக்கு நடக்கிறது. கொங்கிரீட் கொய்யா மரத்து வளைவு வரைக்கும் வந்து நின்றிருக்கிறது. மிச்சம் அடுத்த வருஷம் என்கிறார்கள். இயக்கம் பெரிதாகிவிட்டது, கூட்டங்களுக்குப் பொன்னையாவை இப்போது யாரும் அழைப்பதில்லை, அவரும் கேட்பதில்லை. நிஷாந்த் வருஷத்துக்கு இரண்டு தடவை, தீபாவளிக்கும் தாயின் திவசத்துக்கும், அழைக்கிறான். இன்னும் வரவில்லை. பொன்னையாவுக்கு அறுபத்து மூன்று வயது. ஆறாம் லயத்தில் பதினோராம் காம்பராவில் தனியாக இருக்கிறார். சாவுச் சேதி இன்னமும் அவர்தான் சொல்கிறார்.